நூற்றுப் பதினெட்டாம் கேமராவின் இருட்டுப்படம்

படத்தில் ஒரு குறையும் இல்லை. அதுதான் வெள்ளிங்கிரிக்கு உறுத்தியது.

ஊதுகரடு கல்குவாரிச் சாலையில் கம்பத்தின் மேல் நிற்கும் நூற்றுப் பதினெட்டாம் எண் சாட்சிக் கேமரா, தை மாதம் ஒன்பதாம் தேதி பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு எடுத்த படம் அது. புழுதிச் சாலை. ஓரத்தில் எச்சரிக்கை விளக்குக் கம்பம். அதன் அடியில் சுவிட்ச் பெட்டி. பெட்டியில் கை வைத்தபடி ஒரு பெண். அடுத்த நிமிடம் குவாரியில் வெடி வெடித்தது. கோழித்தீவன மூட்டையோடு பைக்கில் வந்துகொண்டிருந்த மாரப்பன் தலையில் கல் விழுந்து அந்த இடத்திலேயே செத்தான். வெடிக்கு முன் சிவப்பு விளக்கைப் போட வேண்டும். படத்தில் விளக்கு எரியவில்லை. படத்தில் இருந்த பெண் பூவாத்தாளுக்கு ஏழு வருடம் கிடைக்கும் என்று கோப்பிலேயே எழுதியிருந்தார்கள்.

சாட்சிப் படச் சட்டம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கேமரா இருக்கும் இடத்தில் மனிதர் கண்ணால் கண்டது சாட்சியாகாது. காதால் கேட்டதும் ஆகாது. படம் மட்டும்தான். ஆனால் படம் சுத்தமாக இருக்க வேண்டும். வெளிச்சம் குறைந்தாலோ கேமரா சூடேறினாலோ மணலைத் தூவியதுபோலப் படத்தில் புள்ளிகள் விழும். தொழிலில் அதற்கு நாய்ஸ் என்று பெயர். முதல் இரண்டு வருடம் வக்கீல்கள் அந்தப் புள்ளிகளைக் காட்டியே ஆட்களை வெளியே கூட்டிவந்தார்கள். அதனால் இப்போது கேமராவே படத்தைத் துடைத்துக் கொடுக்கிறது. துடைப்பதற்கு முந்தைய படத்தை வைத்துக்கொள்வதில்லை. இடம் அடைக்கும் என்பது ஒரு காரணம். இரண்டு படம் இருந்தால் இரண்டு உண்மை இருக்கும் என்பது இன்னொன்று.

கரூரில் டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த பராமரிப்பு அலுவலகத்தில் வெள்ளிங்கிரிக்கு இதுதான் வேலை. புள்ளி விழுகிறது என்று புகார் வந்தால் போய்ச் சரிசெய்வான். வழக்குக்குப் போகும் படத்தில் நாய்ஸ் அளவுக்குள் இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவான். அவன் கையெழுத்து இல்லாமல் படம் தீர்ப்பாயத்துக்குள் போகாது.

"இன்னும் போடலியா?" என்று மேலாளர் சாதிக் எட்டிப் பார்த்தார். "நாய்ஸ் பூஜ்யம் புள்ளி நாலுதானே காட்டுது. பளிங்கு மாதிரி இருக்கு."

"பளிங்கா இருக்கறதுதான் பாய் பிரச்சனை. இங்க வாங்க."

வெள்ளிங்கிரி விளக்கைப் பெரிதாக்கினான். பிறகு சாலையைப் பெரிதாக்கினான். சாலையில், எவ்வளவு துடைத்தாலும் அடியில் மிஞ்சும் மெல்லிய பொடி இருந்தது. விளக்கைச் சுற்றி அதுகூட இல்லை. ஈரத்துணி போட்டு மெழுகிய தரைபோல இருந்தது.

"இது எடுத்த படம் இல்ல. வரைஞ்சது. அந்த இடத்துல கேமராவுக்கு ஒண்ணும் கெடைக்கல. ஓட்டை விழுந்திருக்கு. வெளக்குக் கண்ணாடி சாதாரணமா எப்படி இருக்கும்னு அதுக்குத் தெரியும். அதப் போட்டு அடைச்சிருச்சு."

"அதெல்லாம் உன் வேலை இல்ல வெள்ளி. நம்பர் உள்ள இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்ப போடு. வெள்ளிக்கெழம விசாரணை." சாதிக் போய்விட்டார்.

வெள்ளிங்கிரி போடவில்லை. அந்தக் கேமராவின் கண்ணை மூடி எடுத்துவைத்திருந்த இருட்டுப்படத்தைத் திறந்தான். கரும்பலகை போல ஒரு திரை. அங்கங்கே நாலைந்து வெள்ளைப் புள்ளி. அவை இருக்க வேண்டியவைதான். வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தான். வலப்பக்க மேல் மூலையில், சரியாக விளக்கு இருக்க வேண்டிய இடத்தில், சிவப்பாக ஒரு பொட்டு. அதைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக வரிசையில் சின்னச் சின்னப் பொட்டுகள்.

அது என்ன என்று அவனைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவான். குடைத்துணி.

இருட்டுப்படம் எடுக்கக் கேமராவின் கண்ணை இரும்பு மூடியால் திருகி மூட வேண்டும் என்பது விதி. குவாரிப் பக்கம் அந்த மூடியைப் போட்டால் மரையில் கல்தூள் ஏறிக்கொள்ளும். ஏணியில் நின்றபடி கழற்ற முக்கால் மணி நேரம் ஆகும். அதனால் கரூர் கிளையில் யாரும் மூடியைத் தொடுவதே இல்லை. கறுப்புக் குடைத்துணியை நாலாக மடித்துக் கட்டிவிடுவார்கள். படிவத்தில் 'இரும்பு மூடி பொருத்தப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் அடிப்பார்கள். நாலு மடிப்பைத் தாண்டி எதுவும் புகாது. போன ஆடியில் வெள்ளிங்கிரியின் துணி பாதிதான் இருந்தது. மீதிப் பாதியை இன்னொரு குழுவுக்குக் கிழித்துக் கொடுத்திருந்தான். இரண்டு மடிப்பில் கட்டினான். இரண்டு மடிப்பு குடைத்துணி வழியாகப் பார்த்தால் ஊர் தெரியாது, மலை தெரியாது. நேராக ஒரு விளக்கு எரிந்தால் அது மட்டும் தெரியும், சுற்றிலும் பொட்டு வைத்ததுபோல.

அந்த ஆடி நாளில் விளக்கு எரிந்தது. அதைப் போட்ட பெண் கீழிருந்து கத்தியதும் அவனுக்கு நினைவிருந்தது.

*

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவன் ஊதுகரட்டில் இருந்தான். வழக்கு முடியும்வரை பூவாத்தாளுக்கு வேலை கிடையாது. ஆனாலும் குவாரி எடைமேடைக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில்தான் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். லாரிக்காரர்கள் அவளைப் பார்த்தும் பாராததுபோல எடைச்சீட்டை வாங்கிக்கொண்டு போனார்கள்.

"படக்காரருங்களா? அதான் பிடிச்சுட்டீங்களே, இன்னும் என்னுங்க?"

"ஒரு விஷயம் கேக்கணும்ங்க. அன்னிக்கு லைட்டுப் போட்டீங்களா?"

"போட்டனுங்க. பதினோரு வருசமாப் போடுறேன். சைரன் ஊதி, லைட்டப் போட்டு, ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் உள்ளுக்குக் கை காட்டுவேன்." சொல்லிவிட்டுக் கையைப் பார்த்தாள். "போட்டேன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். ஆபீசர் படத்தக் காட்டுனாரு. பெட்டி மேல கை இருக்குது, லைட்டு எரியல. ஒத்துக்கிட்டா ஏழு மூணாக் கொறையுமாம். கையெழுத்துப் போட்டுட்டனுங்க."

"எதுக்குங்க போட்டீங்க? எரிஞ்சுதுன்னு சொல்லிட்டு இருக்கீங்களே!"

"படத்துல இல்லீங்களே."

வெள்ளிங்கிரி அவள் எதிரில் இருந்த கல்லில் உட்கார்ந்தான். இருட்டுப்படம் என்றால் என்ன என்று சொன்னான். "கேமராவுக்கு உள்ளயே கொஞ்சம் அழுக்கு உண்டுங்க. வெளிச்சமே இல்லாட்டியும் சில எடத்துல புள்ளி காட்டும். அதனால கண்ணை மூடி ஒரு படம் எடுப்போம். அதுல அந்தப் புள்ளி மட்டும் விழும். அப்பறம் எடுக்கிற ஒவ்வொரு படத்துலயும் அதைக் கழிச்சிட்டுத்தான் குடுக்கும்."

"இந்த எடைமேடையில வெறும் லாரிய ஏத்தி எடை போட்டு, அப்பறம் கல்லோட போட்டு, அதைக் கழிக்கிறாங்களே, அந்த மாதிரிங்களா?"

"அதேதாங்க."

"வெறும் லாரின்னு சொல்லிப்போட்டு உள்ள ஏதாச்சும் கெடந்துச்சுன்னா?"

அவன் எடைமேடையில் ஏறிய லாரியைப் பார்த்தான்.

"அதையும் சேத்தியல்ல கழிச்சுப்போடும்," என்றாள். லாரிச் சத்தம் ஓயும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள என்னுங்க கெடந்துச்சு?"

"உங்க லைட்டு."

அவள் எழுந்து நின்றாள். "ஆடி மாசம் ஏணி மேல நின்னது நீங்கதானுங்களா? வெடி போடப் போறோம், எறங்குங்கன்னு தொண்ட கிழியக் கத்துனனே! ரெண்டு நிமிசம், ரெண்டு நிமிசம்னு கையக் காட்டுனீங்களே!"

"நான்தாங்க. ரெண்டு நிமிஷம் கண்ண மூடி வெக்கணும். நீங்க லைட்டப் போட்டதப் பாத்தேன். எறங்கி மறுபடி ஏற சோம்பல். அப்படியே விட்டுட்டேன்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தான். அவளோ கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு சாலையில் இருந்த விளக்கையே பார்த்தாள்.

"அங்க வந்து சொல்லுவீங்களா?" என்றாள்.

"சொல்றேன்."

"சொல்லுவீங்க. சோம்பல் வராம இருந்தாச் சரி."

*

"சொன்னா நீ காலி," என்றார் சாதிக். வியாழக்கிழமை மதியம். இருவரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தார்கள். "பொய்ப் படிவம் எழுதுனதுக்கு லைசென்ஸ் போகும். வழக்கும் வரும். அதுகூடப் பரவாயில்ல. உன் கையெழுத்துல இருநூத்துப் பன்னெண்டு கேமரா ஓடுது. அதுல எத்தனை பேரு உள்ள இருக்கான்னு தெரியுமா?"

"தெரியாது."

"எத்தனை பேரு தப்பிச்சு வெளிய இருக்கான்?"

"அதுவும் தெரியாது பாய்."

"அப்ப எதுக்கு ஒருத்திக்காக ஆடுற? குடைத்துணிய எனக்குச் சொல்லிக் குடுத்தவன் இருவது வருஷம் இந்த வேலை பாத்தான். யாரும் செத்துப்போகல."

"ஒருத்தன் செத்துட்டான்."

"அவன் கல்லு விழுந்து செத்தான்டா!" சாதிக் மேசையைத் தட்டினார். பிறகு குரலைத் தணித்தார். "சரி, எப்படி நிரூபிப்ப? இருட்டுப்படத்தக் காட்டுனா, நீயே இப்ப உக்காந்து பண்ணுனதுன்னு சொல்லுவான்."

அதை வெள்ளிங்கிரியும் யோசித்திருந்தான். ஆடியிலிருந்து அந்தக் குவாரியில் நாற்பத்தொரு வெடி. நாற்பத்தொரு படத்தையும் எடுத்து வைத்திருந்தான். வெடி நேரத்தைத் தவிர மற்ற நேரத்தில் விளக்கு எரிவதில்லை. விபத்து இல்லாமல் யாரும் படத்தைத் திறந்து பார்ப்பதுமில்லை. அதனால் ஆறு மாதமாக யாருக்கும் தெரியவில்லை: ஒரு படத்தில்கூட விளக்கு எரியவில்லை. "ஒரு நாள் மறக்கலாம் பாய். நாப்பத்தியோரு நாளும் ஒருத்தி மறப்பாளா? கேமரா குருடுன்னு கொழந்தைக்கும் வெளங்கும்."

சாதிக் அவனை ஒருமாதிரி பார்த்தார். "நீ தீர்ப்பாயத்துக்குப் போனதில்லையே?" என்று மட்டும் கேட்டார்.

*

தீர்ப்பாயம் பழைய கல்யாண மண்டபம் ஒன்றில் இருந்தது. மேடையில் தலைவர், ஐம்பதைக் கடந்த அம்மாள். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்கத் திரை. இந்தப் பக்கம் பூவாத்தாள். அந்தப் பக்கம் வழக்குப் போட்ட வெடிப் பாதுகாப்பு ஆய்வாளர் தேவசகாயம், சலவை மடிப்புக் கலையாத சட்டையில். முன் வரிசையில் மாரப்பனின் மனைவி பாவாயி, மடியில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்தபடி.

வெள்ளிங்கிரி எல்லாவற்றையும் சொன்னான். மூடி, துணி, இரண்டு மடிப்பு, தன் சோம்பல். தலைவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

"இது எல்லாம் வாய்வார்த்தை," என்றார். "படம் இருக்கிறதா?"

"இருக்குங்க. நாப்பத்தியொண்ணு."

திரையில் வரிசையாக ஓடின. ஒரே சாலை, ஒரே பெட்டி, ஒரே பெண், எரியாத விளக்கு. மழை நாளில், வெயில் நாளில், பனி நாளில். வெள்ளிங்கிரிக்கு நெஞ்சு லேசானது. இதற்கு மேல் என்ன வேண்டும்.

தேவசகாயம் எழுந்தார். "நன்றி. எங்களுக்கே இது தெரியாது. ஒரு தடவைதான் கவனக்குறைவுன்னு நெனச்சோம். இந்தம்மா ஆறு மாசமா ஒரு நாள்கூட லைட்டுப் போடலைங்கறது இப்பத்தான் தெரியுது. குற்றச்சாட்டை நாப்பத்தியொண்ணா மாத்திக்க அனுமதி வேணும்."

"அடப்பாவி," என்றாள் பூவாத்தாள். யாரைச் சொன்னாள் என்று வெள்ளிங்கிரிக்குத் தெரியவில்லை. அவனைத்தான் என்று எடுத்துக்கொண்டான்.

"ஐயா, அது கேமராக் கோளாறு..."

"கோளாறுன்னா நாய்ஸ் கூடணும். எத்தனை காட்டுது?"

"பூஜ்யம் புள்ளி நாலு."

"கையெழுத்து யாருது?"

"என்னுது."

"உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான். நல்லது செய்ய வந்தவன் மூன்று வருடத்தை எதுவாக்கியிருக்கிறான் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. பாதியில் நிறுத்தினான்.

நாற்பத்தொரு குற்றச்சாட்டு என்றால் நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது நடைமுறை. தேதியைப் படித்து, பெட்டியில் கை வைத்திருப்பவரின் பெயரைச் சொல்லி, விளக்கு நிலையைச் சொல்ல வேண்டும். தலைவர் திரைப் பக்கம் திரும்பி அலுப்போடு ஆரம்பித்தார். "ஆடி இருபத்திரண்டு. பூவாத்தாள். எரியவில்லை. ஆடி இருபத்தாறு. பூவாத்தாள். எரியவில்லை." தட்டச்சு செய்பவர் பின்தொடர்ந்தார். ஆவணி போயிற்று. புரட்டாசி போயிற்று. மின்விசிறிச் சத்தத்தில் பலர் கொட்டாவி விட்டார்கள். "கார்த்திகை நாலு. பூவா..." தலைவர் நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

"இது யார்?"

பெட்டியில் கை வைத்திருந்தது ஓர் ஆண். தலையில் வெள்ளைத் தலைக்கவசம். சட்டையில் சலவை மடிப்பு. பூவாத்தாள் இரண்டடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். புதன்கிழமை ராத்திரி கண் எரிய நாற்பத்தொன்றிலும் விளக்கை மட்டுமே பெரிதாக்கிப் பார்த்த வெள்ளிங்கிரி, பெட்டிப் பக்கம் பார்வையை விடவே இல்லை.

"வருச ஆய்வுங்க," என்றாள் பூவாத்தாள். "லைட்டு வேலை செய்யுதான்னு சாரே போட்டுப் பாத்தாருங்க. நல்லா எரியுதும்மான்னு சொன்னாரு. டீ குடிச்சாரு."

மண்டபம் முழுக்கத் தேவசகாயத்தைப் பார்த்தது. தலைவரும் பார்த்தார். "ஆய்வாளரே, இதையும் பதிவு செய்யணும். விளக்கைப் போட்டீங்களா?"

அவர் எழுந்தார். வாயைத் திறந்தார். திரையைப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. கையை ஒருதடவை விரித்து மூடினார், சுவிட்சை இழுத்த கை எது என்று ஞாபகப்படுத்திக்கொள்வதுபோல. போட்டேன் என்றால் கேமரா பொய். போடவில்லை என்றால் அவர் ஒரு குற்றவாளி. இப்படி ஓர் இடத்தில் அவர் எத்தனையோ பேரை நிறுத்தியிருக்கிறார். தானே நின்றது இதுதான் முதல் தடவை.

"எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேணும்," என்றார்.

*

அரைமணி நேர இடைவேளைக்குப் பிறகு உத்தரவு வந்தது, நாலு வரியில். நூற்றுப் பதினெட்டாம் கேமராவின் ஆடி முதலான படங்கள் நிர்வாகக் காரணங்களுக்காகத் திரும்பப் பெறப்படுகின்றன. படம் இல்லாததால் வழக்கு இல்லை. பூவாத்தாள் போகலாம். வெள்ளிங்கிரியின் உரிமம் நிறுத்திவைக்கப்படுகிறது. கேமராவில் கோளாறு என்று எங்கும் இல்லை. விளக்கு எரிந்தது என்றும் இல்லை. தேவசகாயத்தின் பெயரும் இல்லை.

வாசலுக்கு வந்ததும் சாதிக் போனில் கூப்பிட்டார். "கேள்விப்பட்டேன். தலைமை ஆபீஸ்ல இருந்து அவசர உத்தரவு. எல்லாக் கேமராவுக்கும் புது இருட்டுப்படம். கம்பத்துல யாரும் ஏற வேண்டாம், பொதுவா ஒண்ணு சாயங்காலத்துக்குள்ள அங்கிருந்தே ஏத்திருவாங்க."

"பழசு?"

"போயிரும். புதுசு ஏறுனா பழசு எங்க நிக்கும்? உனக்கு நல்லதுதான் வெள்ளி. இனி யாரும் உன்னை ஒண்ணும் கேக்க முடியாது."

"என் இருநூத்திப் பன்னெண்டும் போயிருமா பாய்?"

"அதான் சொல்றேன், நல்லதுன்னு." வைத்துவிட்டார்.

மணி மூன்று. சாயங்காலம் என்றால் எத்தனை மணி? அவன் உரிமம் நின்றுவிட்டது. அலுவலகத்துக்குப் போனாலும் கணினி திறக்காது. என்னென்ன அந்தக் கறுப்புகளுக்குள் கிடக்கிறது, எது எந்தப் படத்திலிருந்து கழிந்துபோனது என்று இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அவன் கால்போன போக்கில் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தான். அங்கே நின்றிருப்பவர்களைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. அதற்குள் பூவாத்தாள் பார்த்துவிட்டாள்.

நிழற்குடையின் ஒரு முனையில் அவள். மறு முனையில் பாவாயி. ஊதுகரட்டுக்குப் பேருந்து ஒன்றுதான்.

"வாங்க தம்பி," என்றாள் பூவாத்தாள். "ஒண்ணு கேக்கோணும். நெசமாலுமே அன்னிக்கு எரிஞ்சுதுங்களா?"

"ஏனுங்க, நீங்கதானே போட்டீங்க!"

"மொதல்ல நல்லா ஞாபகம் இருந்துச்சுங்க. அப்பறம் அந்தப் படத்த எத்தன தடவ காட்டுனாங்க. இன்னைக்கு வேற நாப்பத்தியொண்ணு. இப்பக் கண்ண மூடுனா அணஞ்ச லைட்டுதான் வருது. நீங்க படிச்சவரு. சொல்லுங்க."

வெள்ளிங்கிரி யோசித்தான். கேமராவால் அந்த விளக்கைப் பார்க்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும். தை ஒன்பதாம் தேதி இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அவன் கரூரில், டயர் கடைக்கு மேலே இருந்தான்.

அவன் பதில் சொல்வதற்குள் பாவாயி பேசினாள். முகத்தைத் திருப்பாமலே, சாலையைப் பார்த்தபடி.

"எனக்கும் அதாங்க தெரியோணும். லைட்டு எரியலீன்னா எங்கூட்டுக்காரரக் கொன்னது இந்தம்மா. எரிஞ்சுதுன்னா, செவப்பப் பாத்துட்டே வண்டிய உட்டுருக்காரு மனுசன். மூணு பிள்ளைக்கு நான் என்னன்னு சொல்லட்டும்?"

பூவாத்தாள் அவளைப் பார்த்தாள். பிறகு இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியலைங்க," என்றான் வெள்ளிங்கிரி.

பேருந்து வந்தது. பூவாத்தாள் முன்வாசலில் ஏறினாள். பாவாயி பையைத் தோளில் போட்டுக்கொண்டு, படியில் ஒரு காலை வைத்து நின்று, "வேற ஆரக் கேக்கறதுங்க?" என்றாள். நடத்துநர் விசில் அடித்தார்.